இன்னும் குடிபோகாத வீட்டின் மாதச் செலவு

குடும்ப வழக்குகள் பக்கம் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார், விவாகரத்து வழக்கில் மாதச் செலவுத் தொகையைக் கணக்குப் போடும்போது கட்சிக்காரரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று. வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று கேளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தியதும் இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். கறுப்பு கோட்டு போட்டிருந்த காலத்திலேயே இந்தப் பார்வையை நிறையப் பார்த்தவள்தான் நான்.

நான் கனவு காண்கிற ஆள். ஒளிக்க என்ன இருக்கிறது. திண்டுக்கல்லில் நான் தொழில் பழகிய சீனியரின் ஆபீஸ் மாடியில் இருந்தது. என் நாற்காலிக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே மலைக்கோட்டை. மத்தியான வெயிலில் அந்தப் பாறை வெளுத்துப்போய் மெல்ல மிதப்பது போல இருக்கும். மேகம் போகிற நாளில் மேகம் நின்றுகொண்டு மலைதான் நகர்கிறது என்று தோன்றும். நான் பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னம்மா, மலைக்குப் போயிட்டு வந்தாச்சா? வந்தாச்சுன்னா அந்த ஃபைலச் செத்த பாப்போமா?" என்பார் சீனியர். மனுஷர் கோபப்பட்டுச் சொன்னதே இல்லை. அந்தக் கனவுப் புத்தியே பின்னால் எனக்குச் சோறு போடும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாசல் விஷயத்துக்கு வருகிறேன். பிரியப் போகிற ஒரு பெண்ணிடம் "மாசம் எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "மூவாயிரம்" என்பாள், இல்லை "ஐயாயிரம்" என்பாள். அழகான முழு எண்ணாக வரும். அது அவள் எண் இல்லை. அண்ணன் சொன்னது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, பஸ்ஸில் யாரோ சொன்னது. அந்த எண்ணை எழுதிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு கேள்வியில் ஊதிவிடுவார். அவளுக்கே அந்த எண்ணில் நம்பிக்கை இருக்காது. எப்படி இருக்கும்? அவள் கணக்குப் போட வேண்டிய வீடு இன்னும் பூமியிலேயே இல்லை. பழைய வீடு முடிந்துவிட்டது, புதிய வீடு வரவில்லை, நடுவில் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் நான் தொகையைக் கேட்க மாட்டேன். "நீ குடிபோகப்போற வீட்டுக்குப் போவோம். வாசல் எந்தப் பக்கம் இருக்கு?" என்பேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "கெழக்கால" என்பார்கள். உள்ளே போ என்பேன். அடுப்பு எங்கே, தண்ணி எங்கே, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கண் எங்கேயோ போய்விடும். அந்த வீட்டில் நிஜமாகவே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு சாமானுக்கும் விலை எழுதிக்கொள்வேன். பால் யாரிடம் வாங்குகிறாள், காய் சந்தையிலா தெருவிலா, எல்லாம் தானாக வரும்.

இந்த முறை கைகொடுத்த கதை ஒன்று. தொண்ணூறுகளில், ஒரு கடைக்காரரின் மனைவிக்காக நான் கொடுத்த செலவு விவரத்தில் தண்ணீர் என்று ஒரு வரி இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வெளியூர்க்காரர். பிடித்துக்கொண்டார். "தண்ணீருக்குமா காசு கேட்பார்கள்? பேராசைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?" என்று நீட்டி முழக்கினார்.  அன்று காலையில்தான் பாதி ஊர் குடம் குடமாக விலை கொடுத்து வாங்கிவிட்டு வந்திருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வக்கீல் ஐயா ஊர்ல கெணறு நல்லா ஊறுது போல" என்றார். வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலி உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் மற்ற வரிகளை வாசிக்காமலே விட்டுவிட்டார். அந்தப் பெண் கனவில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்ததால்தான் அந்த வரி வந்தது, நானாக எழுதியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்னொரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன், அது சிரிப்பு இல்லை. நான் ஜூனியராக இருந்தபோது பார்த்தது. ஒரு கணவர் கண்ணீரோடு வந்து, என் சம்பளத்தில் முக்கால்வாசியை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெண் வீட்டார் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். சில மாதத்தில் பணம் நின்றது. ஆளும் ஊரில் இல்லை. சீனியர் என்னிடம், "அழுதுகிட்டே குடுக்குற தொகைய மறுநாள் ஒருக்கா கேக்கணும்மா" என்றார். அப்போது அது எனக்குக் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. விழுந்தது பல வருஷம் கழித்து, சகாயமேரி வழக்கில். உங்களுக்குச் சொல்ல வந்ததே அந்த வழக்கைத்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம். கிறிஸ்தவக் குடும்பங்களும் இரண்டு பேர் சம்மதத்தோடு பிரியலாம் என்று சட்டம் அப்போதுதான் வழிவிட்டிருந்தது. சகாயமேரிக்கு முப்பது வயதுக்கு மேல், ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. கணவர் அந்தோணிராஜ் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். குடி கிடையாது, அடி கிடையாது. இரண்டு பேரும் நல்லவர்கள், சேர்ந்து இருக்கும்போது மட்டும் இல்லை. அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள், அது என்னுடைய சொத்து இல்லை. பிரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் மகளோடு டவுனில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர் மில் ரூமில் நாலு பேரோடு பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டார். தனியாக ஒரு வீட்டை நடத்திய அனுபவம் இரண்டு பேருக்கும் இல்லை.

மறுநாள் கோர்ட்டில் தொகையைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் என் ஆபீஸில் கூடினோம். அந்தோணிராஜ் வைத்திருந்த வக்கீலுக்குக் காய்ச்சல், "நீங்களே பேசி முடிச்சு வைங்க, நான் பாத்துக் கையெழுத்துப் போடுறேன்" என்று போனில் சொல்லிவிட்டார். மேரி ஜன்னல் பக்கம், அவள் அண்ணன் நடுவில். அண்ணன் சிமெண்டுக் கடைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் இரண்டு வருஷமாகத் தங்கையையும் பிள்ளையையும் வைத்துப் பார்த்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. அந்தோணிராஜ் மில் பஸ்ஸில் வந்து நேராக ஏறி வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு ஒரேயடியாக நரைத்துவிட்டது போல இருந்தது.

நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் சொல்லிவிட்டார். "மூவாயிரத்து ஐநூறு தாரேன் வக்கீலம்மா. எழுதிக்கங்க."

அவர் கைக்கு வருவதே ஐயாயிரத்துச் சொச்சம். அண்ணனின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மாப்ள நல்லாத்தான சொல்றாரு, எழுதுங்கம்மா" என்றார்.  என் கட்சிக்காரருக்கு நான் கேட்க நினைத்ததைவிட அதிகம் தானாக வந்து மேஜையில் விழுகிறது. எழுதி, கையெழுத்து வாங்கி, வீட்டுக்குப் போயிருக்கலாம். பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது சீனியர் சொன்னது வந்து முன்னால் நின்றது. பேனாவை மூடிவிட்டு, "நீங்க எங்க இருக்கப் போறீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"எனக்கென்ன வக்கீலம்மா, ஒரு பாய் போதும்."

"ஞாயித்துக்கிழமை பிள்ளை உங்ககிட்ட வரும்னு மனுவுல எழுதியிருக்கு. மே மாச லீவுக்கும் வரும். மில் ரூம்ல நாலு ஆம்பளைக மத்தியிலயா தங்க வைப்பீங்க?"

அவர் யோசித்தார். வீடு ஒன்று பார்க்க வேண்டும் என்றார். சரி, அந்த வீட்டுக்குப் போவோம், வாசல் எந்தப் பக்கம் என்றேன். அவரால் முடியவில்லை. கண்ணை மூடச் சொன்னேன், மூடினார், அப்படியே உட்கார்ந்திருந்தார். மிஷினைக் கழற்றி மாட்டுகிற கைக்கு ஒரு சமையலறை பிடிபடவில்லை. "ஒண்ணும் வரமாட்டேங்குது வக்கீலம்மா" என்றார்.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "அவரு எங்க இருந்தா நமக்கென்னங்க? நீங்க எங்களுக்கு வக்கீலா, அவருக்கு வக்கீலா?"

நியாயமான கேள்வி. என் கட்சிக்காரருக்கு வருகிற பணத்தைக் குறைக்கிற வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். எனக்கே பயமாக இருந்தது. மேரி என்னை மாற்றிவிட்டு வேறு வக்கீலிடம் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது மேரி பேசினாள். யாரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். என் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேயும் அதே மலைதான், கறுத்துக்கொண்டு வந்தது.

"அந்த வீட்டுல அடுப்பு வேணும். ஓட்டல் கொழம்பு அவருக்கு ஒத்துக்காது, ரெண்டு நாள் தின்னா வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவாரு. சோறும் மோரும் இருந்தாப் போதும், தொட்டுக்க வெஞ்சனம்கூட கேக்க மாட்டாரு. பால் வாங்கி அவரே உறை ஊத்திக்கணும். பஞ்சுத் தூசிக்கு இருமுவாரு, மாத்திரைக்கும் கருப்பட்டிக்கும் போடுங்க. செருப்பு ஒரு பக்கமாத் தேயும், சாஞ்சு நடப்பாரு, வருசத்துக்கு மூணு ஜோடியாவது வேணும். கீரனூர்ல இருக்குற எங்க அத்தைக்கு, அவரு அம்மாவுக்கு, மாசாமாசம் பணம் அனுப்பணும். இவரு மறந்துருவாரு, நான்தான் மணியார்டர் போடுவேன்."

அந்தோணிராஜ் கண்ணைத் திறக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல அவர் வீடு எழும்பியது. வாசலுக்குப் பக்கத்தில் சைக்கிள், கொடியில் காக்கிச் சட்டை, மூலையில் மோர்ச் சட்டி. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து உட்கார ஒரு நாற்காலி. வாடகையிலிருந்து செருப்பு வரை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இந்த வீடு நின்றால் அவரால் கொடுக்க முடிந்தது இரண்டாயிரம். அதைச் சத்தமாகச் சொன்னேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். "பாப்பா, ஒனக்குப் புத்தி இருக்கா? ஆயிரத்து ஐநூற நீயே தண்ணியில போடுற" என்றார்.

"அம்புட்டுத்தாண்ணே அவரால முடியும்" என்றாள் மேரி. "அதுக்கு மேல எழுதினா ரெண்டு மாசம் தருவாரு. மூணாவது மாசம் பணம் இருக்காது. வெக்கப்பட்டுக்கிட்டு பிள்ளையப் பாக்கவும் வரமாட்டாரு. எனக்கு மிச்சத்துக்குத் தையல் இருக்கு. அவளுக்கு வேற அப்பன் எங்கண்ணே இருக்கு?"

அண்ணன் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்.  நான் பணத்தைப் பற்றி மட்டும் பயந்திருந்தேன். அவள் பயந்தது வேறு. அதிகமாக வாங்கினால் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்பது என் சட்டப் புத்தகம் எதிலும் இல்லை.

பிறகு அவள் வீட்டுக்குப் போனோம். அவளுக்குக் கண்ணை மூடச் சொல்லவே தேவையில்லை, இரண்டு வருஷமாக மனதுக்குள் அந்த வீட்டில்தான் குடியிருந்திருக்கிறாள். கிழக்குப் பார்த்த வாசல், பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஜன்னலோரம் தையல் மிஷின், மிஷினுக்குக் கீழே பூனை ஒன்று. பூனைக்கும் சேர்த்துத்தான் பால் சொன்னாள். அரிசி, தண்ணீர், பள்ளிக்கூடச் செலவு, கோயில் திருவிழாவுக்கு மகளுக்கு ஒரு பாவாடை. சொல்லும்போது குரல் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. எனக்கே அந்த வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கரண்ட் பில் என்றேன். "ஒரு லைட்டு, ஒரு ஃபேன், என்ன பெரிசா வந்துரும், கொறச்சே போடுங்க" என்றாள். குறைத்தே போட்டு, முழுதும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

அதுவரை தலையைத் தூக்காத அந்தோணிராஜ் அப்போது தூக்கினார்.

"கரண்டுக்குக் கூடப் போடுங்க வக்கீலம்மா."

"ஏன்?"

"அவளுக்கு இருட்டுன்னா ஆகாது. லைட்ட அமத்திட்டா அவளுக்குத் தூக்கம் வராது."

மேரி திரும்பி அவரைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அவள் அவரைப் பார்த்தது அது ஒரு தடவைதான். "நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுப்பீங்கன்னு நான்தான அமத்துவேன். தூங்கிட்டேன்னுதான நெனச்சீங்க?"

"முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்ப. தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் தலையிலிருந்த பஞ்சைத் தடவி எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெண் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்தவருக்கும் அது தெரியும். அண்ணன் வீட்டிலும் ஒன்பது மணிக்கு லைட்டை அணைத்துவிடுவார்களாம். நான் கனவு காண்கிற ஆள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன் இல்லையா. இப்போது இரண்டு பேரும் எழுந்து, மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன், பேப்பரைக்கூட அவர்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவர்கள் கிழிக்கவில்லை. மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டு வரும் வக்கீலம்மா, ஒரு சின்ன பல்பு ராத்திரி பூரா எரிஞ்சா?" என்றாள்.

எனக்கு யூனிட் கணக்குத் தெரியாது. ஃபிட்டருக்குத் தெரியும். அவரே மனக்கணக்காகப் போட்டு, மாசம் இருபது ரூபாய்க்குள் அடங்கும் என்றார். இரண்டாயிரத்து இருபது என்று எழுதினேன்.

மறுநாள் நீதிபதி வாசித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். "ரெண்டாயிரம் சரி. அது என்ன இருபது?" நான் விளக்கம் சொல்ல எழுந்தேன். அதற்குள் கூண்டில் நின்ற மேரி, "எனக்கு இருட்டுன்னா பயங்கய்யா. ராத்திரி லைட்டு எரியணும். அதுக்கு அவரு தர்றது" என்றாள். ஒரு கோர்ட் நிறைய ஆட்கள் முன்னால், குரல் நடுங்காமல் சொன்னாள். நீதிபதி அவரிடம் சம்மதமா என்று கேட்டார். அந்தோணிராஜ் சம்மதம் என்றார். நீதிபதி வேறொன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

நீங்கள் இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்சிக்காரர் வீட்டை மட்டும் கட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டையும் கட்டுங்கள். அவருக்கு அது தெரியாவிட்டால், தெரிந்த ஆள் பெரும்பாலும் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். அவரைப் பேசவிட்டு நீங்கள் மலையைப் பாருங்கள். முழு எண்ணாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

சில வருஷம் கழித்து ஒரு நாள், நிலக்கோட்டைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். மல்லிகைக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் வழக்கம்போல நான் எங்கேயோ போயிருந்தேன். யாரோ கையைத் தொட்டார்கள். மேரி. பக்கத்தில் அவள் உயரத்துக்கு வளர்ந்த மகள். மேரி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பஸ் வந்துவிட்டது, பேச நேரமில்லை, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"பணம் ஒழுங்கா வருதாம்மா?"

"வருது வக்கீலம்மா. மாசத்துல மொத ஞாயித்துக்கெழமை பிள்ளையக் கூப்பிட வரும்போது கையில குடுத்துருவாரு. இருபது ரூவாய மட்டும் தனியா மடிச்சு வச்சுத் தருவாரு."

நான் படியில் காலை வைத்துவிட்டேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஏறித் திரும்பி நின்று, "தூக்கம் வருதா?" என்றேன்.

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பஸ் நகர்ந்தது. சத்தத்தில் பதில் கேட்கவில்லை, மகள்தான் கையைக் குவித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"நல்லாத் தூங்குறாங்க ஆன்ட்டி. விடிஞ்சப்புறம் நான்தான் லைட்ட அமத்துறேன்."